ஆபீஸ் ஆட்களுக்கான கறிபாப்

லிஃப்டில் ஆள் என்பது ஓர் அளவு. கதவுக்கு அருகே இருக்கும் தகட்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும். அந்தப் பேர்கள் யாரும் உண்மையில் கிடையாது. அறுபத்தெட்டுக் கிலோவை ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டு, லிஃப்ட் தாங்கும் எடையை வகுத்துப் போட்ட கணக்கு அது. லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளராகக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க ஏறி இறங்குகிற எனக்கு, இல்லாத ஆட்களைக் கணக்கில் வைத்துக்கொள்வது தொழில் பழக்கம். பிரிக்பீல்ட்ஸ் கறிபாப் கடையில் நான் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

கடை என்றால் ஒரு வேன், ஒரு பெரிய குடை, குடைக்குக் கீழே ஒரு வாணலி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. எங்கள் ஆபீஸ் இருக்கும் கட்டடத்துக்குப் பின் தெருவில், மோனோரெயில் தூணை ஒட்டி. நடத்துகிறவர் என் அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவர். எல்லாரும் அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அக்கா. உருளைக்கிழங்கு மசாலாவையோ சார்டின் மீனையோ உள்ளே வைத்து, ஓரத்தைக் கயிறுபோல மடித்து, அரை நிலா வடிவத்தில் எண்ணெயில் போட்டு எடுப்பார். ஓரம் உடையும், நடு மெத்தென்று இருக்கும்.

முதல் நாள் இரண்டு வாங்கினேன். தெரு முனைக்குப் போவதற்குள் இரண்டும் முடிந்துவிட்டன. திரும்பி வந்து இன்னும் ஆறு கேட்டேன். அக்கா இடுக்கியோடு நிமிர்ந்து, “யாருக்கும்மா?” என்று கேட்டார். சும்மாதான் கேட்டார். வாடிக்கையாளரிடம் இரண்டு வார்த்தை பேசுகிற பழக்கம்.

“ஆபீஸுக்கு அக்கா,” என்றேன்.

அது ஒரு நல்ல பதில். கோலாலம்பூரில் யாரும் தனக்காக மட்டும் பலகாரத்தைத் தாப்பாவ் செய்து, அதாவது பொட்டலம் கட்டி, வாங்கிப் போவதில்லை. கையில் பொட்டலம் தொங்கினால் அதற்குப் பின்னால் ஓர் ஆபீஸ் இருக்கும். எனக்குப் பின்னாலும் இருந்தது. அங்கே எனக்கு உண்மையாகவே சக ஊழியர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஒரு பிஸ்கட் கூட வாங்கிக் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

சாப்பிட்ட இடம் மெஷின் ரூம். எங்கள் கட்டடத்தின் லிஃப்டும் எங்கள் பராமரிப்பில்தான் இருந்தது. மொட்டைமாடிக்கு மேலே தனியாக ஒரு சின்ன அறை: மோட்டார், கம்பிவடம் ஓடும் சக்கரம், கட்டுப்பாட்டுப் பெட்டி, சுவரில் தீயணைப்பு உருளை, கிரீஸ் வாசம். உள்ளே நுழையச் சாவி வேண்டும். சாவி என்னிடம் இருந்தது. கருவிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

முதல் கறிபாப் ருசிக்கும். அதன் ஓரம் பல்லில் உடையும்போது, காலையிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று நிற்கும். இரண்டாவதிலிருந்து ருசி தெரியாது. நின்றது மறுபடி ஓடத் தொடங்கக் கூடாது என்பதற்காகக் கை போய்க்கொண்டே இருக்கும். கீழே யாரோ பொத்தானை அழுத்துவார்கள். மோட்டார் சுற்றும். யார் யாரோ மாடிக்குப் போவார்கள், தரைக்கு வருவார்கள், நான் மென்றுகொண்டிருப்பேன். பை காலியானதும் கிரீஸ் நீக்கும் சோப்பால் கையைக் கழுவுவேன். பெருஞ்சீரகம் மெல்லுவேன். இறங்கி வந்து என் மேசையில் வெள்ளரித் துண்டு டப்பாவை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைப்பேன்.

ஆபீஸில் நான் கட்டுப்பாட்டுக்குப் பெயர்பெற்றவள். என்னோடு வேலைக்கு வருகிற மலாய்க்கார மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். நான் அவரை அபாங், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, “உன் டப்பாவைப் பார்த்தா என் வயிறு என்னைத் திட்டுது,” என்று மலாயில் சொல்வார். மற்றவர்கள் என்னிடம் டயட் கேட்பார்கள். நானும் சொல்வேன். நல்ல ஆலோசனைகள்தான். இரண்டு பேர் இளைத்தார்கள்.

கிள்ளானில் எங்கள் வீட்டிலும் இதே நிலைதான். யார் முன்னாலாவது சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில், இரண்டு இட்லியில் ஒன்றை மிச்சம் வைத்து எழுந்துவிடுவேன். அப்படியிருந்தும் என் சட்டைகள் இறுகிக்கொண்டே வந்தன. அம்மா முதலில் வாஷிங் மெஷினைச் சந்தேகப்பட்டார். “துணியைச் சுருக்குது,” என்று மெக்கானிக்கை வரவழைத்தார். இந்த மெஷின் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கிறது, சுருங்க வழியே இல்லை என்று அவர் சொன்னார்.

“அப்ப என் மக சட்டை மட்டும் ஏன் சுருங்குது?” என்றார் அம்மா.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். பொறியாளர் என்ற முறையில் நான் மெஷினைப் பார்த்தேன். அடுத்த வாரம் புது மெஷின் வந்தது. அதுவும் சுருக்கியது. பிறகு அம்மா தைராய்டுக்கு வந்தார். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. “இந்தக் காலத்து டாக்டருங்களுக்கு என்ன தெரியும்,” என்று அதையும் ஒதுக்கினார்.

இதற்கு நடுவே அக்காவின் கடையில் என் ஆபீஸ் வளர்ந்துகொண்டிருந்தது. சும்மா “ஆபீஸுக்கு” என்றால் போதவில்லை. அக்காவுக்கு ஆளைத் தெரிந்துகொண்டு கொடுத்தால்தான் திருப்தி. எனக்கோ எதையும் வகைப்படுத்தி வைத்தால்தான் மனம் அடங்கும். இரண்டு பேரும் சேர்ந்தே அந்த ஊழியர்களைச் செய்தோம் என்று சொல்லலாம்.

முதலில் வந்தது சார்டின். பேசாத, ஒல்லியான, கல்யாணம் ஆகாத இளைஞன். பிறகு சைவம்: வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, எப்போதுமே உருளைக்கிழங்குதான் சாப்பிடும் பக்தியுள்ள அம்மாள். சார்டின் பொரித்த எண்ணெயில் அவருடையது விழுந்துவிடக் கூடாது என்று அக்கா அவருக்கு முதலில் பொரித்து எடுத்துவிடுவார். மூன்றாவது பாஸ். ஆபீஸ் என்றால் பாஸ் இல்லாமல் எப்படி என்று தோன்றியதால் சேர்த்தேன். ஆனால் சர்க்கரை வியாதிக்காரர், ஆகையால் ஒன்றுதான் சாப்பிடுவார். அளவாகச் சாப்பிடுகிற ஒருவர் இருந்தால் மொத்த ஏற்பாடும் நம்பும்படி இருக்கும் என்பது என் எண்ணம். அக்கா அவருக்குப் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்லி அனுப்பினார். சைவ அம்மாளுக்குப் பத்துமலை முருகன் கோயிலிலிருந்து விபூதி வந்தது. சார்டினுக்கு வந்தது வேறு.

“அந்த சார்டின் தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தங்கச்சி?”

“இல்லக்கா.”

“குடிப்பானா?”

“மைலோதான் அக்கா.”

“எந்த ஊரு?”

“சாலாக் செலாத்தான்,” என்றேன். அன்று காலை அங்கே ஓர் அடுக்குமாடியில் வேலை இருந்தது.

“சத்தம் போட்டுப் பேசுறவனா?”

“பேசவே மாட்டாரு அக்கா.” அது மட்டும் உண்மை.

அக்கா திருப்தியோடு தலையசைத்தார். டெங்கிலில் அவருடைய தங்கை மகள் ஒருத்தி கிளினிக்கில் வேலை செய்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “எல்லாருக்கும் வாங்கிட்டுப் போற, நீ ஒண்ணு வாயில போட்டு நான் பார்த்ததே இல்ல,” என்றார்.

“எனக்கு எண்ணெய் ஒத்துக்காது அக்கா.”

அன்றிலிருந்து அக்கா எனக்கென்று வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் அவித்த கொண்டைக்கடலை கொண்டுவரத் தொடங்கினார். நான் பட்டினி கிடக்கிறேன் என்று அவருக்குக் கவலை. கடலையையும் மெஷின் ரூமில்தான் சாப்பிட்டேன், எல்லாவற்றுக்கும் பிறகு.

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பிள்ளை வீட்டார் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சந்திக்கலாம் என்றார்கள். இலை நிறையப் பரிமாறினார்கள். பக்கத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ரசத்தில் இரண்டு கவளம் எடுத்து இலையை மடித்தேன். மூன்று நாள் கழித்துத் தரகர் அம்மாவுக்குப் போன் செய்தார். பெண் நல்ல பெண்தான், படித்த பெண்தான், ஆனால் சாப்பாட்டை மதிக்கத் தெரியவில்லை, வீடு விளங்காது என்று சொல்லிவிட்டார்களாம்.

அன்று மாலை அக்காவின் கடைக்குப் போனபோது, சார்டின், சைவம், பாஸ் மூன்று பேருடையதும் சேர்ந்தாலும் எனக்குப் போதாது என்று தெரிந்தது. வாணலிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பொரித்து வைத்திருந்தார். அந்தத் தட்டு முழுக்க வேண்டும். அதற்கு ஒரு காரணம் வேண்டும்.

“புதுசா ஒருத்தங்களா?” என்றார் அக்கா.

“ஒருத்தி மாசமா இருக்கா அக்கா. அவளுக்குப் பசி தாங்கலையாம்.”

அக்கா இடுக்கியைக் கீழே வைத்தார். “மொதல்லயே சொல்லக் கூடாதா. வாயும் வயிறுமா இருக்கிற பிள்ளைக்கு ஆறினதைக் குடுப்பாங்களா?” தட்டிலிருந்ததை ஒதுக்கிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினார். அவளுடையதைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, அதற்குள் ஒரு சின்னக் கரித்துண்டைப் போட்டார். எண்ணெய்ப் பலகாரம் தெரு வழியே போகும்போது அதன் வாசத்துக்குக் காத்து கருப்பு பின்னாலேயே வரும், மாசமானவளுக்கு ஆகாது, கரி இருந்தால் அண்டாது என்றார். ஒதுக்கி வைத்ததையும் மற்றவர்களுக்கு என்று என்னிடமே கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கரித்துண்டு. தூக்கிப்போட மனம் வராமல் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேலே வரிசையாக வைத்தேன். அதுதான் தவறாகப் போயிற்று. ஒருநாள் அபாங் ஏதோ வயர் பார்க்க மேலே போய்விட்டு முகம் வெளுத்து இறங்கி வந்தார். “யாரோ நம்ம லிஃப்டுக்குச் செய்வினை வச்சிருக்காங்க. வரிசையா கரி. மந்திரிச்சு வச்சது,” என்று ரகசியமாகச் சொன்னார். அன்றோடு மெஷின் ரூமுக்கு அவர் வருவதை நிறுத்திவிட்டார். மேலே போகவேண்டிய வேலை வந்தால், “உங்க சாமி பலமான சாமி, நீ போ,” என்பார். நான் போவேன். எனக்கு அதைவிட வசதி என்ன வேண்டும்.

மாசமானவளின் பங்குதான் இருப்பதிலேயே பெரியது. அவளை உண்டாக்கிய நாளிலிருந்து நான் அவளை நம்பித்தான் இருந்தேன். ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. கம்பிவடத்துக்கு, பிரேக்குக்கு, கதவு உருளைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அட்டவணை போட்டு வைக்கிற நான், கர்ப்பம் என்பது ஒருநாள் முடிகிற காரியம் என்பதை யோசிக்கவில்லை. மாதங்களை நான் எண்ணவில்லை. அக்கா எண்ணினார்.

“இது ஏழாவது மாசம்ல,” என்றார் ஒருநாள். “வளைகாப்பு எப்போ?”

“அதெல்லாம் செய்யலக்கா. அவங்க வீட்ல ஆளு இல்ல.”

சொன்ன உடனேயே தெரிந்துவிட்டது, சொல்லியிருக்கக் கூடாத ஒன்று என்று. வீட்டில் ஆளில்லாத மாசமானவள் என்று கேட்டுவிட்டு ஒரு தமிழ்ப் பெண்மணி சும்மா இருப்பாரா?

அன்று ரயிலில் கிள்ளானுக்குப் போகும் வழியெல்லாம் என்னென்ன செய்யலாம் என்று வரிசைப்படுத்தினேன். அவளை ஈப்போவுக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பலாம். வேலையை விட வைக்கலாம். பினாங்குக் கிளைக்கு மாற்றலாம். எல்லாமே எளிது, ஒரு வாக்கியத்தில் முடிகிற காரியம். ஆனால் எதைச் செய்தாலும் நாளையிலிருந்து அந்தத் தனிப் பொட்டலம் கிடைக்காது. ஷா ஆலாம் நிலையம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்: அவள் எங்கேயும் போகவில்லை.

“வெளியாள் யாரும் ஆபீஸுக்கு வரக் கூடாது அக்கா. வாசல்ல கார்டு விட மாட்டாரு,” என்று மட்டும் மறுநாள் சொல்லி வைத்தேன்.

“எந்த கார்டு? காலையில என்கிட்டதான் பசியாறுறாரு,” என்றார் அக்கா.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் கீழே இருந்து போன் வந்தது. யாரோ ஓர் ஆன்டி வந்திருக்கிறார், நிறைய சாமான், என்றார் கார்டு. அபாங்கும் நானும் ஒரு வேலைக்காகக் கிளம்பிக்கொண்டிருந்ததால் இரண்டு பேருமே இறங்கி வந்தோம். லிஃப்ட் கதவு திறந்தது. எதிரே அக்கா. கடையை மூடிவிட்டு, பட்டுப்புடவை கட்டி, தலையில் மல்லிகை வைத்து நின்றார். கையில் பெரிய அடுக்குப் பாத்திரம். காலடியில் ஒரு கூடை. அதில் கண்ணாடி வளையல் பெட்டி, மஞ்சள், குங்குமம், மேலே ஒரு கரித்துண்டு.

“எங்க அவ?” என்றார் என்னிடம். பிறகு அபாங்கைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “இவருதான் சார்டினா? வயசு தெரியுதே.”

அபாங், அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். நீங்கள் சார்டின் சாப்பிடுவீர்களா என்று கேட்கிறார் என்றேன். மீன் சாப்பிட்டால் தமக்கு உடம்பெல்லாம் தடிக்கும் என்று அவர் மரியாதையாகப் பதில் சொன்னார்.

“அப்ப இவரு பாஸ்,” என்றார் அக்கா. அவருக்குச் சந்தேகமே இல்லை. அபாங்கை நெருங்கி, பரிவோடு, மலாயில், “அபாங், கென்சிங் மானிஸ் இப்ப எப்படி இருக்கு? பாகற்காய் குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். சர்க்கரை வியாதி எப்படி இருக்கிறது என்று அர்த்தம்.

அபாங்குக்கு உண்மையிலேயே சர்க்கரை உண்டு. போன மாதம்தான் கண்டுபிடித்திருந்தார்கள். ஆபீஸில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. அது எனக்கும் அப்போது தெரியாது. அவர் அக்காவைப் பார்த்தார், கூடையின் மேலிருந்த கரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உதடு ஏதோ ஓத, பின்பக்கமாகவே நடந்து லிஃப்டுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். அது எந்த மாடிக்கும் போகாமல் அங்கேயே நின்றது. பொத்தானை அழுத்த மறந்துவிட்டார் போலும்.

நான் அக்காவைக் கட்டடத்துக்குப் பின்னால், மோனோரெயில் தூண் நிழலில் இருந்த சிமெண்டுப் பெஞ்சுக்கு அழைத்துப் போனேன். அவர் அடுக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல். விடிவதற்கு முன்பே எழுந்து செய்தாராம். கூடவே ஒரு டப்பாவில் கறிபாப், “மத்தவங்க மூஞ்சி வாடக் கூடாதுல்ல.”

இனி மறைக்க வழியில்லை என்பதைவிட, அந்தச் சாதத்தை வாங்கிக்கொண்டு மேலே போய்த் தனியாகச் சாப்பிட என்னால் முடியும் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. முடியும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“அக்கா, அவ இல்ல.”

“லீவா?”

“ஆளே இல்லக்கா. அப்படி ஒருத்தி எங்க ஆபீஸ்ல கிடையாது. யாருமே கிடையாது. அந்த நாலு பேரும் நான்தான்.”

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை மெதுவாக இறங்கி, என் வேலைச்சட்டையின் இழுத்துப் பிடித்த பொத்தான்களுக்கு வந்தது. அங்கேயே நின்றது. பாத்திரத்தைப் பெஞ்சில் வைத்தார். குரல் தாழ்ந்துவிட்டது.

“வீட்டுக்குத் தெரியுமா?”

“என்னது அக்கா?”

“எனக்குப் புரியுது லா. நானும் ரெண்டு பெத்தவ. எண்ணெய் ஒத்துக்கலன்னு சொன்னப்பவே நெனச்சேன்.”

“அக்கா, நான் மாசமா இல்ல.”

“ஆளு யாரு? சார்டினா?”

“சார்டினும் நான்தான் அக்கா.”

“அவனைக் காப்பாத்தப் பார்க்காத தங்கச்சி.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தப் பேசாம இருக்கிறவனுங்கள நம்பவே கூடாது. அவன் வீட்டு அட்ரஸைக் குடு. சாலாக் செலாத்தான்தானே? எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு நான் போறேன்.”

கல்யாணமாகாத ஒரு பெண் ஏழு மாதமாக வயிற்றை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறாள் என்பதை அக்காவால் ஒரு மூச்சில் நம்ப முடிந்தது. நம்பியது மட்டுமல்ல, அடுத்து என்ன செய்ய வேண்டும், யாரைக் கூட்டிப் போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நாலு பேர் சாப்பாட்டை ஒருத்தி தினமும் ஒளிந்து சாப்பிடுகிறாள் என்பது மட்டும் அவருக்குள் நுழையவில்லை. அதற்கு என்ன செய்வது என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

எங்கள் தொழிலில் சுமைச் சோதனை என்று ஒன்று உண்டு. தகட்டில் எழுதியிருப்பதை நம்பாமல், அத்தனை ஆளின் எடைக்கு இரும்புக் கட்டிகளை லிஃப்டில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. கறிபாப் டப்பாவைத் திறந்தேன்.

“இது சைவம்,” என்று ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். “இதுவும் சைவம். அவங்க ரெண்டு சாப்பிடுவாங்க.”

அக்கா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இது பாஸ்.”

பாஸை முடித்தேன். தெருவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். பின்கதவில் சாய்ந்து கார்டு பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் முடிந்த மகளை ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அந்தக் குழந்தை திரும்பித் திரும்பி என் வாயைப் பார்த்தது. வெயிலில், தெருவில், ஒருவர் முன்னால் உட்கார்ந்து வயிறு நிறைய நான் சாப்பிட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. காது சுட்டது. நிறுத்தவில்லை.

“இது சார்டின். சார்டின் மூணு.”

இரண்டாவது சார்டினில் ஒரு விசித்திரம் நடந்தது. ருசி தெரிந்தது. சோம்பு போட்டிருக்கிறார், கொஞ்சம் எலுமிச்சை, வெங்காயம் முழுக்க வதங்காமல் கடிபட்டது. அவ்வளவு நாளாக அத்தனை சாப்பிட்டும் அதில் எலுமிச்சை இருப்பது எனக்குத் தெரியாது. மென்றுகொண்டே இருந்தேன். விழுங்குவதற்கு நேரமானது.

மூன்றாவதை எடுத்தபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். “போதும், வை. நம்புறேன்.”

மேலே மோனோரெயில் போயிற்று. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். என்மேல் கோபமோ என்று நினைத்தேன்.

“அப்ப அந்த சைவ அம்மாவும் இல்லையா?”

“இல்லக்கா.”

“பத்துமலை விபூதி குடுத்தேனே.”

“என்கிட்டதான் இருக்கு. தினமும் பூசிக்கிறேன்.”

“சார்டின் தம்பி?” இதைக் கேட்கும்போது அவர் குரல் உடைந்தது. “டெங்கில்ல என் தங்கச்சி மககிட்ட சொல்லிட்டேனே. அவளும் சரின்னுட்டா.”

“போட்டோ கூடப் பார்க்காமலா?”

“நல்ல பையன்னு சொன்னேன். யாரையும் குறை சொல்லாம, குடுத்ததைச் சாப்பிட்டுட்டுப் போறவன்னு சொன்னேன். அதுவே போதும் பெரியம்மான்னுட்டா.”

அவர் அழுதார். உண்மையான நாலு பேரை ஒரே நாளில் இழந்தவர் மாதிரி அழுதார். நான் அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். வேறு எப்படிச் சொல்வது, துக்கம் விசாரிக்க வந்தவள்போல.

பிறகு, “ஏன் தங்கச்சி?” என்றார்.

“தெரியலக்கா. ஆரம்பிச்சா நிறுத்த முடியல. பசிக்கிறதே இல்ல. ஆனா வேணும்.”

“ஒனக்குத்தான்னு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?”

“குடுத்திருப்பீங்க. அதான் பயம்.”

செய்த சாதத்தைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்று மட்டும் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அடுக்குப் பாத்திரத்தைப் பிரித்து மூடியில் தனக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம் போட்டார். கார்டை அழைத்து அவருக்கும் கொடுத்தார். வளைகாப்புக்கு வந்தவர்களும் வளையல் போட்டுக்கொள்வது வழக்கம்தான் என்று சொல்லி, என் கையில் பச்சையும் சிவப்புமாக ஏற்றி, நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டார். நான் மாடிக்குப் போனபோது அபாங் என் கையையும் நெற்றியையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தமது நாற்காலியை இன்னொரு மேசைக்கு நகர்த்திக்கொண்டார். அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல இரண்டு வாரம் ஆனது. முழுக்க நம்பினார் என்று சொல்ல முடியாது. அந்த லிஃப்டில் இப்போதும் கதவோரமாகத்தான் நிற்கிறார்.

அதற்குப் பிறகு ஓர் ஆலோசகரிடம் போகத் தொடங்கினேன். இப்போதும் போகிறேன். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றும், நான் நினைத்ததுபோல் நான் மட்டும் இல்லை என்றும் சொன்னார். அம்மாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். “சாப்பாட்டுக்குப் போய் யாராவது அடிமையாவாங்களா?” என்றார் அம்மா. கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப அந்தப் பழைய மெஷின் நல்ல மெஷின்தானா?” என்றார். அதுதான் அவருக்கு வலித்தது.

அக்காவின் கடைப் பக்கம் மூன்று மாதம் போகவில்லை. அந்த மூன்று மாதமும் நல்லபடியாக இருந்தேன் என்று எழுத ஆசைதான். கிள்ளானில் ரயில் நிலையத்துக்கு வெளியே வாழைப்பழம் பொரித்து விற்கும் ஒரு கடையில், “யாருக்கும்மா, இவ்வளவு?” என்று அந்தக் கடைக்காரர் கேட்டபோது, “ஆபீஸுக்கு,” என்று என் வாய் தானாகச் சொன்னது. பாதிப் பொட்டலத்தில் எழுந்து போய், மீதியை நிலையத்து டிக்கெட் முகப்பில் இருந்தவருக்குக் கொடுத்தேன். ஒருவருக்கு நான் உண்மையாகவே வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, ஏன் பாதி இருக்கிறது என்று கேட்டார்.

மறுநாள் அக்காவிடம் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எண்ணெயைக் கிளறிக்கொண்டே, நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோல், “அவளுக்குப் பிள்ளை பொறந்திருக்கும்ல?” என்றார்.

யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆமாக்கா,” என்றேன்.

“என்ன பிள்ளை?”

“பொண்ணு.”

“சுகப்பிரசவம்தானே?”

“ஆமாக்கா.”

“நல்லது. அப்ப அவளுக்கு இனிமே பத்தியச் சாப்பாடுதான். எண்ணெய்ப் பலகாரம் கண்ணுல காட்டக் கூடாது. கேட்டா நான் குடுக்க மாட்டேன்னு சொல்லிடு.”

“எத்தனை நாளைக்கு அக்கா?”

“ஒடம்பு தேறுற வரைக்கும்.”

இருப்பதிலேயே பெரிய பங்கு அப்படிப் போயிற்று. பாஸுக்கு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று அக்காவே முடிவு செய்தார். சைவ அம்மாள் விரதத்தில் இருக்கிறார், எப்போது முடியும் என்று தெரியவில்லை. சில நாள் மாலையில் அக்கா என்னைப் பார்த்து, “இன்னைக்கு ஆபீஸ்ல எத்தனை பேரு?” என்று கேட்பார். “எல்லாரும் வந்துட்டாங்க அக்கா,” என்று நான் சொன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார். கறிபாப் கொடுக்க மாட்டார். பேச்சுக் கொடுப்பார். டெங்கிலில் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. அந்தப் பையன் நிறையப் பேசுகிறானாம். அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

சார்டின் தம்பியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

“சார்டின் ஒண்ணு அக்கா,” என்றேன் நேற்று, பொட்டலத்துக்குக் கையை நீட்டியபடி.

அவர் அதை இடுக்கியால் எடுத்து, காகிதப் பையில் போடாமல், ஒரு தட்டில் வைத்தார்.

“அவனை இங்கயே ஒக்காந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு,” என்றார்.

உட்கார்ந்தேன்.